பாட்டை விற்கலாமா: விளம்பரமும் நம் இசையும்



இவ்வாண்டு நினைவுப் பொழிவுக்கு என்ன பொருள் எடுப்பது என்று கூடிப் பேசியபோது நிலம், கல்வி, ஆணவக் கொலை என்று பலவும் வந்தன. கடைசியில், பார்ப்பதற்குச் சிறியதாகத் தோன்றும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டோம். ஓர் இசைக்கலைஞர் தன் பாட்டை விளம்பரத்துக்குக் கொடுக்கலாமா? கேட்டவர்கள் நம் பறைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள். அவர்களுக்கு அலைபேசியில் அழைப்பு வருகிறது. "பதினைந்து விநாடி போதும், வாசித்து அனுப்புங்கள், பணம் போடுகிறோம்" என்கிறார்கள். பிள்ளைகள் எங்களிடம் வந்து நின்றார்கள். எங்களிடம் தயாராக ஒரு பதில் இல்லை. ஆளுக்கொன்று சொன்னோம். ஆகவே இந்தப் பேச்சு அவர்களுக்கு நாங்கள் பட்ட கடன்.

முதலில் ஒன்றை நினைவில் கொள்வோம். விளம்பரம் நமக்குப் புதிதல்ல. அச்சும் வானொலியும் வருவதற்கு முன் ஊருக்குள் விளம்பரம் செய்த கருவி நம் தோளில்தான் தொங்கியது. ஏலம், வரி, மடை திறப்பு, திருவிழாக் காப்புக் கட்டு, ஊர்க்கூட்டம் எல்லாவற்றுக்கும் தண்டோரா போட்டவர் சேரியிலிருந்து வந்தவர். பறைதல் என்றால் சொல்லுதல். தொல்காப்பியம் ஒவ்வொரு திணையின் கருப்பொருளிலும் பறையை வைத்தது. எல்லா நிலத்துக்கும் பொதுவாக இருந்த அந்தக் கருவி, பிறகு ஒரு சாதியின் கையில் கட்டாய வேலையாகக் கட்டப்பட்டது. சொல்ல வேண்டிய செய்தி ஊருடையது. அடிக்கும் கை நம்முடையது. என்ன சொல்வது, சொல்லலாமா வேண்டாமா என்பதில் நமக்கு வாக்கு இல்லை. தன் தெருவுக்கே எதிரான ஊர்க்கட்டுப்பாட்டைத் தானே அடித்துச் சொல்ல வேண்டிய நிலையும் நம் பெரியவர்களுக்கு இருந்தது. தண்டோரா முறையை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியைப் பயன்படுத்துங்கள் என்று தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில்தான்.

சாவு மேளமும் அப்படியே. யார் வீட்டுச் சாவு என்றாலும் போக வேண்டும். கூலி என்பது கொஞ்சம் தானியம், கொஞ்சம் சில்லறை, சாராயம். அண்ணன் இருபது வயதில் 'இனி அடிக்க மாட்டேன்' என்றார். அம்பேத்கர் நூற்றாண்டையொட்டிய ஆண்டுகளில் பல ஊர்களில் நம் இளைஞர்கள் அப்படிச் சொன்னார்கள். சொன்னதற்காக அடி வாங்கினார்கள். வேலை நிறுத்தப்பட்டது, கடையில் பொருள் மறுக்கப்பட்டது. அண்ணன் வீட்டில் பறை பல ஆண்டுகள் பரணில் கிடந்தது. பின்னால் இந்த அரங்கின் மேடையில் அவரே அதை எடுத்துத் தீயில் காய்ச்சி, மறுபடி அடித்தார். 'அதே கட்டைதான், அதே தோல்தான், ஆனா இப்போ நானா அடிக்கிறேன்' என்று அன்று அவர் சொன்னதை இங்கே பலர் கேட்டிருப்பீர்கள்.

பறையை இழிவின் அடையாளம் என்று விட்டுவிட வேண்டுமா, விடுதலையின் கருவியாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று நம் இயக்கத்துக்குள் நீண்ட விவாதம் நடந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அந்த விவாதத்திலிருந்து எங்களுக்குக் கிடைத்த பாடம் இதுதான்: அடிக்க மறுக்க முடிந்த பிறகுதான் அடிப்பது கலையாயிற்று. இன்றைய கேள்விக்கும் இதையே அளவுகோலாக வைக்கிறோம். மறுக்க முடிகிறவர் கொடுத்தால்தான் அது கொடுத்தல். மறுக்க முடியாதவரிடமிருந்து எடுத்தால், கையில் காசு வைத்தாலும் அதன் பெயர் எடுத்தல்.

உலகில் இது எப்படி நடந்திருக்கிறது என்று சிலவற்றைப் பார்ப்போம்.

தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் 1939இல் ஜோகானஸ்பர்க் நகரில் தன் குழுவோடு 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். ம்பூபே என்றால் சிங்கம். பதிவு செய்த நிறுவனத்திலேயே அவர் சாதாரணத் தொழிலாளி. பாட்டின் உரிமைக்கு அவர் பெற்றது 10 ஷில்லிங். அந்தப் பாட்டு அமெரிக்காவுக்குப் போய்ப் பெயர் மாறி, சொல் மாறி, 1961இல் உலகப் புகழ்பெற்ற பாட்டாயிற்று. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். பின்னால் டிஸ்னியின் 'தி லயன் கிங்' படத்திலும் அந்தப் பாட்டு வந்தது. 2000இல் ரியான் மாலன் என்ற தென்னாப்பிரிக்க எழுத்தாளர் இதைப் பத்திரிகையில் விரிவாக எழுதினார். 2004இல் லிண்டாவின் மகள்கள் சார்பில் வழக்கு வந்தது. 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பேரரசுப் பதிப்புரிமைச் சட்டத்தில், ஆசிரியர் இறந்து 25 ஆண்டுகள் ஆனபின் உரிமை வாரிசுகளிடம் திரும்பும் என்ற விதி இருந்தது. அந்தப் பழைய விதியைப் பிடித்துக்கொண்டே வழக்கறிஞர்கள் போராடினார்கள். 2006இல் உடன்பாடு ஏற்பட்டது. கறுப்பினத் தொழிலாளி ஒருவர் பாடியதற்கு அவர் பெயரும் பங்கும் கிடைக்க 67 ஆண்டுகள் ஆயின.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று. டாம் வெய்ட்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் விளம்பரத்துக்குப் பாடுவதில்லை என்று வைத்திருப்பவர். 1988இல் ஒரு நொறுக்குத்தீனி விளம்பரத்துக்காக, அவர் குரலைப் போலவே பாடும் வேறொருவரை அமர்த்திப் பாடவைத்தார்கள். விளம்பரக்காரர்களின் கூவலைக் கேலி செய்து அவர் எழுதிய பாட்டே அந்த விளம்பரப் பாட்டுக்கு முன்மாதிரி. வெய்ட்ஸ் வழக்குப் போட்டார். 1990இல் வென்றார். 1992இல் மேல்முறையீட்டிலும் அவர் பக்கமே தீர்ப்பு நின்றது. கிடைத்த தொகை 20 லட்சம் டாலருக்கு மேல். அவருக்கு வழக்கறிஞர் இருந்தார், பணம் இருந்தது, 'இல்லை' என்று சொல்லிவிட்டு மறுநாளும் சாப்பிட முடிந்தது. லிண்டாவுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஆகவே 'கலைஞர்கள் விளம்பரத்துக்குப் பாடலாமா' என்று பொதுவாகக் கேட்கும்போது, எந்தக் கலைஞரை மனத்தில் வைத்துக் கேட்கிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது பாட்டு அல்ல, ஓர் உரை. ஆனால் நமக்கு மிக நெருக்கமானது. 1968 பிப்ரவரி 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் அட்லாண்டா தேவாலயத்தில் ஓர் உரை ஆற்றினார். சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2018 பிப்ரவரி 4 அன்று, கோடிக்கணக்கானோர் பார்த்த கால்பந்து இறுதிப்போட்டியின் இடையே, அந்த உரையின் ஒரு பகுதி டிரக் வண்டி விளம்பரத்தில் ஒலித்தது. தொண்டு செய்வதன் பெருமையைப் பேசும் பகுதி அது. அதே உரையின் வேறு பகுதியில், விளம்பரக்காரர்கள் பேச்சால் மயக்கி நம்மை வாங்கவைப்பதையும், தகுதிக்கு மேல் கார் வாங்கிப் பெருமை தேடுவதையும் கிங் கண்டித்திருக்கிறார். அனுமதி கொடுத்தது அவருடைய எழுத்து, பேச்சு உரிமைகளை நிர்வகிக்கும் வாரிசுத் தரப்பு. சட்டப்படி எந்தப் பிழையும் இல்லை. சட்டம் சரியாக இருந்தும் ஓர் உரை தன்னையே மறுத்துப் பேச வைக்கப்படலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எங்களுக்குத் தெரியவில்லை.

நம் சட்டம் என்ன சொல்கிறது? இங்கே மாணவர்கள் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. அதன்பின், திரைப்படப் பாட்டானாலும் தனிப்பாட்டானாலும், பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் உரிமத்தொகைப் பங்கை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதவில்லையென்றால் 5 ஆண்டு. எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லையென்றால் இந்தியாவுக்கு மட்டும். கையெழுத்திட்ட நாளில் இல்லாத புதிய ஊடகத்துக்கு, அதைக் குறிப்பிட்டு எழுதியிருந்தால் ஒழிய, அந்த ஒப்பந்தம் பொருந்தாது. இசைத்தவருக்கும் பாடியவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக உண்டு. தன் பெயரைச் சொல்லச் சொல்லவும், தன் நிகழ்வைத் தன் பெயர் கெடும்படி சிதைத்தால் தடுக்கவும், உரிமையை விற்ற பின்னும் அவருக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் ஓட்டைகளையும் பாருங்கள். உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால் பங்கு வரும், தடுக்கும் அதிகாரம் போய்விடும். எந்த விளம்பரத்துக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவர் உரிமையை வைத்திருக்கும் நிறுவனத்தார். ஆகவேதான் அவர்கள் ஒப்பந்தத்தில் 'உலகம் முழுவதும், என்றென்றும், எல்லா ஊடகங்களிலும்' என்று எழுதி வைக்கிறார்கள். அந்த ஒரு வரிக்காகவே அந்தத் தாள் அச்சாகிறது. இன்னொன்று, ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் நடவுப் பாட்டுக்கும் ஆசிரியர் பெயர் இல்லை என்பதால் சட்டத்தின் கண்ணில் அவை உரிமையாளர் இல்லாத சொத்து. பாடியவருக்கு அந்தப் பதிவின்மேல் நிகழ்த்துநர் உரிமை மட்டும் உண்டு. அது அவருக்குத் தெரிவதில்லை. பதிவு செய்பவருக்குத் தெரிந்திருந்தாலும் சொல்வதில்லை.

சட்டம் ஒருபுறம் இருக்க, பேர் என்ற ஒன்று இருக்கிறது. 2021 மார்ச்சில் 'என்ஜாயி எஞ்சாமி' வந்தபோது, நிலமற்றவர்களின், தோட்டத்துக்குப் போய்த் திரும்பியவர்களின் கதை உலகம் முழுக்கப் போயிற்று. அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளிடமிருந்து கேட்ட கதை அது. அதே ஆண்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அறிவு இல்லாததைப் பா. ரஞ்சித் கேட்டார். 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே அந்தப் பாட்டு மேடையேறியது. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கே கூடவில்லை. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கே பேரும் காசும் இவ்வளவு சிக்கல் என்றால், சாவு வீட்டில் பாடும் பெண்ணுக்கு என்ன நிலை என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

சரி, கொடுக்கலாமா கூடாதா? நம்மில் சிலர் உடனே 'கூடாது' என்கிறார்கள். எதிர்ப்பு இசை சந்தைக்குப் போகக்கூடாது என்கிறார்கள். இதில் எங்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. சபாவில் பாடுகிறவர் நகைக்கடை விளம்பரத்துக்குப் பாடினால் 'கலையை விற்றுவிட்டார்' என்று யாரும் கூட்டம் போடுவதில்லை. கானா பாடும் பையன் ஒரு குளிர்பான விளம்பரத்தில் வந்தால் மட்டும் அவன் துரோகி ஆகிவிடுகிறான். மாதச் சம்பளம் வாங்குகிற நாம், தினக்கூலிக்கு வாசிக்கிறவரிடம் தூய்மையைக் கேட்கிறோம். இது நியாயமில்லை. கடை திறப்புக்கு வாசிப்பதும் விளம்பரத்துக்கென்றே ஒரு மெட்டுப் போட்டுத் தருவதும் உழைப்பு. உழைப்புக்கு முழுக் கூலி கேட்டு வாங்குங்கள், பெயர் போடச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தண்டோராக்காரருக்குக் கிடைக்காததைக் கேட்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் எல்லாப் பாட்டும் அப்படிப்பட்டதல்ல. இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' கே.ஏ. குணசேகரனின் குரலில் எத்தனை மேடை ஏறியது! அவர்கள் இருவரும் 2016இல் மறைந்தார்கள். சட்டப்படி அந்தச் சொற்களுக்கு இன்னும் பல பத்தாண்டுகள் உரிமை இருக்கும். ஆனால் அந்தப் பாட்டோடு சேர்ந்து கைதட்டிப் பாடி, அதற்காக வழக்கு வாங்கியவர்கள் எத்தனை பேர்? 2017க்கான சாகித்திய அகாதமி விருது இன்குலாபுக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள். அவர் வாழ்ந்த வாழ்க்கையோடு பொருந்தாததை அவர் பெயரால் வாங்க மறுத்தார்கள். இறந்தவரின் உரிமையை வைத்திருப்பது எப்படி என்பதற்கு அது ஒரு வழி.

இப்படிப் பிரித்து, கூலிக்குப் பாடுவது வேறு, சனங்களின் பாட்டு வேறு, பின்னதை விற்கக் கூடாது என்று எங்கள் பதிலை முடித்து வைத்திருந்தோம். பிறகு நடந்த ஒன்று எங்களைத் திருத்தியது.

சில ஆண்டுகளுக்கு முன் மலக்குழியில் இறங்கி இறந்துபோன ஓர் இளைஞனுக்கு நம் அரங்கு இரங்கல் கூட்டம் நடத்தியது. அவன் தாய் மேடையில் பாடி அழுதார். நம் தோழர்களில் ஒருவர் அதைப் படம் பிடித்து வலையில் ஏற்றினார். ஒரு நாள் ஒரு விளம்பர நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். வீட்டுக் கடன் விளம்பரம். அந்த அழுகையில் 18 விநாடி வேண்டும், 40,000 ரூபாய் தருகிறோம் என்றார்கள். அவர்கள் அந்த அம்மாவை அழைக்கவில்லை, எங்களை அழைத்தார்கள். நாங்கள் மூன்று மணி நேரம் விவாதித்தோம். ஒருமனதாக மறுப்பது என்று முடிவெடுத்தோம். வெளியே வரும்போதுதான் ஒரு தங்கை கேட்டாள், "அம்மாகிட்ட யாரு சொல்றது?"

போய்ச் சொன்னோம். அவர் முதலில் கேட்டது, "எவ்ளோ தராங்களாம்?" சொன்னோம். அடுத்து, "என்னா காட்டுவாங்க?" தாய் வாசலில் காத்திருப்பது போலவும் மகன் புது வீட்டுச் சாவியோடு வருவது போலவும் என்றோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ராகம் எங்கம்மா பாடுனது தம்பி. எத்தினி சாவுக்குப் பாடியிருக்காங்க. அத எடுத்துக்கட்டும். காசு குடுத்தா வாங்கிக்கிறேன், எனக்கும் கடன் இருக்குது. எம்புள்ள பேரச் சொல்லி அழுவுறேன் பாரு, அந்தக் கொரலு மட்டும் வாணாம். வேற பாடித் தரேன்னு சொல்லுங்க." எழுந்து வரும்போது கேட்டார்: "அன்னிக்கு ஊரே பாக்குற மாரி செல்லுல போட்டீங்களே, அப்போ ஏன் என்னாண்ட கேக்கல?"

எங்களிடம் பதில் இல்லை. வீடியோவை எடுத்துவிடட்டுமா என்றோம். "இருக்கட்டும், அவன் எப்பிடிச் செத்தான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்.

நாங்கள் மூன்று மணி நேரத்தில் பிரிக்க முடியாததை அவர் மூன்று வாக்கியத்தில் பிரித்தார். மெட்டு எல்லோருக்கும் பொது. உழைப்புக்குக் கூலி உண்டு. மகனின் பெயர் சொல்லி அழுத குரல் அவருடையது மட்டும். அதை அவர் போராட்டத்துக்குக் கொடுத்தார், கடன் கம்பெனிக்குக் கொடுக்கவில்லை. 'சனங்களின் பாட்டு' என்று நாங்கள் பொத்தாம்பொதுவாகச் சொன்னபோது, அந்தச் சனத்தில் ஒருவரைக் கேட்காமலே அவருக்காக மறுத்திருந்தோம். ஊர் அவருக்காக முடிவெடுத்தது போலவே நாங்களும் எடுத்தோம். நோக்கம் நல்லது, பழக்கம் பழையது.

நிறுவனத்துக்குச் செய்தி சொன்னோம். அந்தப் பதிவுதான் வேண்டும் என்றார்கள். அதோடு அழைப்பு நின்றது. அவருக்கு 40,000 ரூபாய் போயிற்று. அடுத்த கூட்டத்தில் நாம் அவருடைய மறுப்பைப் பெருமையாகப் பேசினோம், கைதட்டினோம். அவர் கடனைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதையும் இன்று பேசத்தான் வேண்டும். அண்ணன் இந்த மேடையில் எத்தனை முறை பறையடித்தார் என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தோம். நோட்டில் இருப்பது 'பேருந்துச் செலவு, சாப்பாடு' என்பது மட்டும். பல அழைப்பிதழ்களில் பேச்சாளர் பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. கீழே 'பறையிசை' என்று மட்டும் இருக்கிறது. வாசித்தவர் பெயர் இல்லை. விளம்பரக்காரர் பேரும் தராமல் காசும் தராமல் எடுத்தால் சுரண்டல் என்கிறோம். நாம் எடுத்தால் இயக்கப் பணி என்கிறோம். அவர் கேட்கவில்லை என்பது நமக்கு விடுப்பு ஆகாது. தோழர் என்ற உறவில் அவரால் மறுக்க முடியாது என்பது நமக்குத் தெரிந்தே இருந்தது.

ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் பதில் இது. கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. அந்த உரிமையை ஒரு தாளில் நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எந்தப் பொருளுக்கு, எவ்வளவு காலத்துக்கு, என்ன காட்சியோடு என்று கேளுங்கள். பாட்டில் வேறொருவரின் சாவோ போராட்டமோ இருந்தால் அவரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

அரங்கு தனக்குத்தானே சில முடிவுகளை எடுத்திருக்கிறது. நம் மேடையில் ஏறும் கலைஞருக்கு முன்கூட்டிப் பேசிய ஊதியம் தரப்படும், பேச்சாளர் பெயர் போடும் அளவிலேயே அவர் பெயரும் அழைப்பிதழில் வரும். கேட்காமல் எதையும் பதிவு செய்யவோ வலையேற்றவோ மாட்டோம். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டு, பிறகே கையெழுத்து வாங்குவோம். ஒப்பந்தத் தாளோடு வரும் இளைஞர்களுக்கு நம் வழக்கறிஞர் தோழர்கள் மாதம் ஒரு ஞாயிறு உட்கார்ந்து படித்துச் சொல்வார்கள். ஒரு கலைஞர் நம் எல்லோருக்காகவும் ஒரு வருமானத்தை மறுத்தால், அந்த இழப்பில் நம்மால் முடிந்த பங்கை ஏற்க ஒரு நிதி தொடங்கியிருக்கிறோம். முழுதும் ஈடுகட்ட நம்மால் முடியாது. ஆனால் வெறும் கைதட்டலோடு இனி நிறுத்த மாட்டோம். அந்த நிதியின் முதல் தொகை அந்த அம்மாவுக்குப் போகிறது.

இன்று காலை வாசலில் பறையிசைத்த எட்டுப் பேரின் பெயரும் உங்கள் கையிலுள்ள அழைப்பிதழில் இருக்கின்றன. பேசிய ஊதியம் வாசிப்பதற்கு முன்பே கொடுக்கப்பட்டது. அவர்களில் இருவர் அண்ணனிடம் கற்றவர்கள். அண்ணன் உயிரோடு இருந்தபோது இதைச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அந்தக் குற்றத்தை அவர் குடும்பத்தாரின் முன் சொல்லிக்கொள்ளவே இந்தப் பொருளை எடுத்தோம்.